விடியுமுன் பள்ளி, நள்ளிரவில் பசி

கோலாலம்பூரில் காலை ஆறே கால் மணிக்கு வாசலில் வந்து நின்றால், எந்த மாதமானாலும் இருட்டுதான். செந்தூலிலும் கெப்போங்கிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே, புத்தகப் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்திருப்பது அந்த இருட்டில்தான். பலர் வெறும் வயிற்றோடு நிற்பார்கள். அதே பிள்ளைகளில் சிலர் முந்தின இரவு பதினொன்றரைக்கு மெகி கிண்டிச் சாப்பிட்டிருப்பார்கள். “காலையில சாப்பிடச் சொன்னா குமட்டுதுங்கிறான், ராத்திரியில அடுப்படியைப் போட்டு உருட்டுறான்” என்பது இங்கே தமிழ்த் தாய்மார்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல். நாம் இதைச் சாப்பாட்டுப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்தவரை இது முதலில் தூக்கப் பிரச்சினை. தூக்கத்தை அப்படியே விட்டுவிட்டுத் தட்டை மட்டும் திருத்தப் பார்ப்பதால்தான் நாம் சொல்கிற அறிவுரை பிள்ளைகளிடம் எடுபடுவதில்லை.

இங்கே விடியல் ஏன் இவ்வளவு தாமதம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. சபாவும் சரவாக்கும் தீபகற்பமும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் என்ற இந்தக் கணக்கு, 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள ஊர்களுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். கோலாலம்பூரோ 101.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நம் கடிகாரம் சூரியனை விட 73 நிமிடம் முன்னால் ஓடுகிறது. பினாங்கில் இந்த இடைவெளி இன்னும் சில நிமிடம் அதிகம். சென்னையில் இதே வித்தியாசம் ஏறக்குறைய 9 நிமிடம்தான். ஆக, கோலாலம்பூரில் காலை 7.30க்குப் பள்ளி மணி அடிக்கும்போது சூரியக் கணக்கில் மணி 6.17. அந்தப் பள்ளிக்காக 5.30க்கு எழுகிற பிள்ளை, சூரியக் கணக்கில் நாலே காலுக்கு எழுகிறது. நாலே காலுக்கு ஒரு பிள்ளையை எழுப்பித் தட்டில் தோசை வைத்தால் முகம் சுளிக்கத்தான் செய்யும்.

இதன் மறுபக்கத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. காலையில் வெளிச்சம் தாமதமாக வருவது போலவே மாலையிலும் தாமதமாகத்தான் போகிறது. இங்கே பொழுது சாய ஏழு, ஏழரை ஆகிவிடும். உடலின் கடிகாரத்தை முன்னால் இழுப்பது காலை வெளிச்சம். மாலையில் வெகுநேரம் படுகிற வெளிச்சம் அதைப் பின்னால் தள்ளும். நம் பிள்ளைகளுக்கு எழுந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நல்ல வெளிச்சம் கண்ணில் படுகிறது, அதுவும் வகுப்பறைச் சன்னல் வழியாக.

பருவ வயதின் வேலையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் 1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைக் கோடை முகாமில் தங்கவைத்து அவர்களுடைய தூக்கத்தை அளக்கத் தொடங்கினார். பிறகு பிரௌன் பல்கலைக்கழகத்திலும் பல ஆண்டுகள் அந்த வேலையைத் தொடர்ந்தார். அவரும் மற்றவர்களும் கண்டறிந்தவற்றில் நம் வீட்டுக்கு வேண்டியவை மூன்று. பூப்பெய்தும் பருவத்தில், தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் ஊறத் தொடங்கும் நேரம் சிறுவயதில் இருந்ததைவிடத் தள்ளிப்போகிறது. பலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம்கூட. விழித்திருக்க விழித்திருக்கக் கூடிக்கொண்டே வரும் தூக்கச் சுமை, சின்னப் பிள்ளைகளைவிடப் பெரிய பிள்ளைகளிடம் மெதுவாகவே ஏறுகிறது. ஆனால் அவர்களுக்கு வேண்டிய தூக்கத்தின் அளவு குறைந்துவிடுவதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பதினொன்றரைக்குக் கண் அசந்து ஐந்தரைக்கு எழுகிற பையனுக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம். சோம்பேறி, ராக்கோழி என்று நாம் திட்டுவதில் பாதி, அவன் உடல் வளர்கிற விதத்தைத் திட்டுவதுதான்.

மாலைப் பள்ளி வைத்திருக்கும் இடைநிலைப் பள்ளிகளில் ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். புகுமுக வகுப்பும் படிவம் ஒன்றும் இரண்டும் (13, 14 வயதுப் பிள்ளைகளின் வகுப்புகள்) மதியத்துக்கு மேல் போகும். பிள்ளைகள் எட்டு மணிவரைகூடத் தூங்குவார்கள். படிவம் மூன்றுக்கு வந்ததும் திடீரென்று காலைப் பள்ளி. உடல் கடிகாரம் பின்னால் போய்க்கொண்டிருக்கும் வயதில் பள்ளிக் கடிகாரம் ஒரேயடியாக முன்னால் வருகிறது. அந்த வருடம்தான் பிள்ளை மாறிவிட்டான், எரிந்து விழுகிறான், கண்டதையும் தின்கிறான் என்ற பேச்சு வீட்டில் தொடங்கும். சேர்க்கை சரியில்லை என்று நண்பர்களைக் குறை சொல்வதற்கு முன்னால், அவன் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறான் என்று எழுதிப் பார்ப்பது நல்லது.

குறைந்த தூக்கம் எப்படிப் பசியாக மாறுகிறது?

வயிற்றிலிருந்து மூளைக்குப் ‘பசிக்கிறது’ என்று சொல்லும் ஹார்மோன் கிரெலின். 1999ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ‘சேமிப்பு இருக்கிறது, போதும்’ என்று சொல்வது உடல் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின். அது தெரியவந்தது 1994ல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு இரவு 10 மணி நேரம் படுத்தபோது இருந்ததோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. பசியும் ஏறியிருந்தது, அதிலும் இனிப்புக்கும் உப்புத் தீனிக்கும் மாவுப் பண்டத்துக்கும். இந்த ஆய்வு 2004ல் வந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஹார்மோன் எண்கள் இதே மாதிரி அமையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தூக்கம் குறைந்தால் மனிதர் அதிகம் சாப்பிடுகிறார் என்பது மட்டும் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது.

பதின்ம வயதினரிடமே நேரடியாகச் செய்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் டீன் பீபி குழுவினர் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளை ஐந்து இரவு ஆறரை மணி நேரமும், வேறு ஐந்து இரவு பத்து மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து, என்ன சாப்பிட்டார்கள் என்று குறித்தார்கள். 2013ல் வெளியான அந்த ஆய்வில், தூக்கம் குறைந்த வாரத்தில் இனிப்புப் பண்டங்கள் கூடின, மொத்தக் கலோரியும் கூடுகிற போக்கு தெரிந்தது. கவனியுங்கள், அவர்கள் சோதித்த அந்த ஆறரை மணி நேரம் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் நம் பிள்ளைகள் பலருக்குச் சாதாரண இரவு.

வயிற்றின் பசி ஒரு பக்கம், மூளையின் ஆசை இன்னொரு பக்கம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு உணவுப் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். அதுவும் 2013ல் வெளியானதுதான். எது நல்லது, எது போதும் என்று நிதானிக்கும் நெற்றிப் பகுதி மந்தமாகியிருந்தது. ஆசையையும் உணர்ச்சியையும் கிளப்பும் அமிக்டலா அதிகமாகத் துடித்தது. கலோரி மிகுந்த தீனியின் மேல் நாட்டம் ஏறியது. பதின்ம வயதில் அந்த நெற்றிப் பகுதி இன்னும் முழுதாக வளர்ந்து முடியாத ஒன்று. தூக்கமும் இல்லாமல் போனால், ‘கட்டுப்பாடா இரு’ என்று நாம் சொல்வதைக் காதில் வாங்க வேண்டிய இடமே அரைத் தூக்கத்தில் கிடக்கிறது.

தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2022ல் வந்த இன்னோர் ஆய்வு. வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பெரியவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பாதிக்குத் தூக்கத்தைக் கூட்டிக்கொள்ள வழி மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தூக்கம் ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம் கூடியது. அவர்கள் சாப்பிட்ட அளவு, வழக்கம்போலத் தூங்கிய மற்றவர்களோடு ஒப்பிட்டால், நாளுக்கு 270 கலோரி குறைந்தது. ஒரு ரொட்டி சானாயில், அதாவது இங்கத்திப் பரோட்டாவில், இருப்பது ஏறக்குறைய 300 கலோரி. எந்தத் தடையும் போடாமல், எந்தச் சண்டையும் இல்லாமல், ஒரு ரொட்டி சானாய் அளவு தானாகக் கழன்று போகிறது. வளரும் பிள்ளைகளுக்குக் கலோரியைக் குறைப்பது நோக்கம் அல்ல. ஆனால் எந்த நூலைப் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழும் என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

இனி அந்தக் காலைப் பசியாறலுக்கு வருவோம். ஃபிராங்க் ஷீர் என்ற ஹார்வர்ட் ஆய்வாளரின் குழு, வெளிச்சமும் நேரமும் தெரியாத அறையில் சிலரைத் தங்கவைத்து, உடலின் உள் கடிகாரம் பசியை எப்படி ஏற்றி இறக்குகிறது என்று பார்த்தது. பசி மிகக் குறைவாக இருப்பது காலை 8 மணிவாக்கில், மிக அதிகமாக இருப்பது இரவு 8 மணிவாக்கில் என்று தெரிந்தது. இது பெரியவர்களின் கணக்கு. கடிகாரமே தள்ளிப்போன பதின்ம வயதினருக்கு இந்த அலையும் தள்ளித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியென்றால் அதிகாலை ஐந்தே முக்காலுக்கு இட்லியைப் பார்த்துக் குமட்டுகிற பிள்ளையும், இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையும் செய்வது ஒன்றுதான்: உடல் சொல்வதைக் கேட்கிறார்கள். அதிகாலையில் திட்டித் திணிப்பதால் பயனில்லை. இரவுப் பசியைத் திருட்டுப்போல நடத்துவதாலும் பயனில்லை.

நான் பார்த்தவரை நடைமுறையில் ஒத்துவருவது சின்ன ஏற்பாடுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அரை டம்ளர் பால் அல்லது ஒரு வாழைப்பழம் மட்டும். பையில் சுருட்டின தோசையோ அவித்த முட்டையோ இருந்தால், மணி அடிக்கும் முன்னாலோ இடைவேளையிலோ சாப்பிட்டுக்கொள்வார்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நாசி லெமாக்கை எல்லாக் கெடுதலுக்கும் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. தேங்காய்ப்பால் சோற்றோடு முட்டையும் நெத்திலியும் கச்சானும் (வேர்க்கடலை) வெள்ளரியும் இருக்கிற ஒரு சின்னப் பொட்டலம், பத்து மணிக்குப் பசித்த பிள்ளைக்கு மோசமான சாப்பாடு அல்ல. கூடவே வாங்குகிற சிராப் தண்ணீரைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு நாள் எப்படிக் கோணலாகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பள்ளி முடிந்து இரண்டரை மணிக்கு வீடு. காலையிலிருந்து சேர்ந்த பசியில் சோறும் கறியும் வயிறு முட்ட. உடனே படுக்கை. ‘ஒரு குட்டித் தூக்கம்’ ஆறு மணிவரை நீளும். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தவனுக்கு அன்றைய தூக்கச் சுமையில் பெரும் பகுதி இறங்கிவிட்டது. எட்டு மணிக்கு டியூஷன், பத்து மணிக்கு முடிகிறது. பக்கத்திலேயே மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்), விளக்கு அணையாமல். “அண்ணே, மெகி கோரெங் ஒன்னு, தே ஐஸ் ஒன்னு.” வறுத்த நூடுல்சும் ஐஸ் போட்ட தேநீரும். வீட்டுக்கு வந்தால் அம்மா எடுத்து வைத்த இரவுச் சாப்பாடு. பன்னிரண்டுக்கு உடல் சூடும் வயிற்றுச் சுமையும் இன்னும் இறங்கியிருக்காது. சாய்ந்து படுத்தால் எதுக்களிக்கும். கைப்பேசியை எடுப்பான். அதில் குறை சொல்ல வேண்டியது வெளிச்சத்தை மட்டும் அல்ல. ஒன்று முடிந்தால் அடுத்தது என்று மனத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் அந்த ஓட்டத்தையும்தான்.

நேரம் தவறிய சாப்பாடு கடிகாரத்தையே குழப்பும். உடல் கடிகாரத்தின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் தொடர்ந்த வேலையால் இன்று தெரிவது, கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை, ஈரலிலும் கணையத்திலும் குடலிலும் இருக்கிறது என்பது. மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. ஈரலின் கடிகாரம் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து. நள்ளிரவில் மெகி கோரெங் வந்து சேரும்போது, தவில் ஒரு தாளத்திலும் நாயனம் வேறொரு தாளத்திலும் போகிற கச்சேரிதான் உள்ளே நடக்கிறது. மெலட்டோனின் ஊறிக்கொண்டிருக்கும் நேரத்தில் சாப்பிட்டால் கணையம் இன்சுலினைக் குறைவாகச் சுரக்கிறது, சர்க்கரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது என்று பெரியவர்களிடம் செய்த சோதனைகள் காட்டுகின்றன. பருவ வயதில் இயல்பாகவே இன்சுலினுக்கு உடல் சற்று மந்தமாகத்தான் பதில் சொல்லும். தூக்கக் குறைவும் அதே திசையில் தள்ளுகிறது.

இதை நம் சமூகம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதே ஆய்வில் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் எடை கூடியவர்களாகவோ உடல் பருமன் உள்ளவர்களாகவோ இருந்தார்கள். மரபு, வருமானம், விளையாட இடமில்லாத அடுக்குமாடி வாழ்க்கை, மலிவாகக் கிடைப்பதெல்லாம் எண்ணெயும் மாவுமாக இருப்பது, எல்லாமே இதில் உண்டு. தூக்கம் ஒன்றே காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இந்தப் பட்டியலில் இன்றிரவே ஒரு வீடு மாற்றத் தொடங்கக்கூடியது தூக்கம்தான். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 24 மணி நேர உணவகங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்டபோது பலர் முகம் சுளித்தார்கள். இரவு வேலை முடித்து வருகிறவர் எங்கே போய்ச் சாப்பிடுவார் என்ற கேள்வி நியாயமானது. இருந்தாலும் டியூஷன் நிலையத்தின் படியிறங்கினால் மாமாக் கடை என்கிற ஏற்பாட்டுக்குள் நம் பிள்ளைகளைக் கொண்டு போய் வைத்தது நாம்தான்.

அப்புறம் அந்த தே ஐஸ். பகல் முழுக்க மூளையில் சேர்கிற அடினோசின்தான் தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபின் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதரைக்குக் குடித்த தேநீரின் பாதி, அதிகாலை இரண்டரைக்கும் உள்ளே இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் சொல்கிற அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 3 மில்லிகிராம். 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு 135. ஒரு 250 மில்லி எனர்ஜி பானத்தில் பொதுவாக 80 மில்லிகிராம் இருக்கும். தேர்வுக் காலத்தில் இரண்டு டின் குடித்தால் அளவு தாண்டிவிட்டது. மலேசிய அரசு 2019 ஜூலையில் சர்க்கரை அதிகமுள்ள, அடைத்து விற்கும் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் என்று வரி போடத் தொடங்கியது. கடையில் கலக்கித் தருகிற கிளாசுக்கு அந்த வரி கிடையாது. நம் பிள்ளைகள் தினம் குடிப்பதோ அந்தக் கிளாசைத்தான்.

தேநீரால் வருகிற இன்னொரு சிக்கல் பெண் பிள்ளைகளுக்கு உரியது, இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடலில் ஏறுவது குறைகிறது. மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு இரும்பு ஏற்கனவே கூடுதலாகத் தேவை. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம் என்று இருக்கும் வீடுகளில் சாப்பாட்டோடு தே என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டால் அந்தப் பிள்ளை சோர்ந்துதான் இருப்பாள். இரும்பு குறைந்தவர்கள் சிலருக்கு இரவில் படுத்ததும் காலில் இனம்புரியாத குறுகுறுப்பு வரும், காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும், தூக்கம் கெடும். ‘கால் உளையுது’ என்று மகள் சொன்னால் தைலம் தடவுவதோடு நிறுத்தாமல் இரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். சைவ நாள்களில் முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பயறும் சமைக்கலாம், கூடவே எலுமிச்சை பிழிந்த சாலட்டோ கொய்யாவோ வைக்கலாம். அவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும். தேநீரைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. எடை குறைய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடும் பிள்ளைகள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மூளையில் ஒரெக்சின் என்ற பொருள் விழிப்பையும் பசியையும் ஒருசேரக் கவனித்துக்கொள்கிறது என்பது 1998லிருந்து தெரியும். உடலில் சர்க்கரை குறைந்தால் அது விழிப்பைத் தூண்டும். பசித்த விலங்கு இரை தேடப் போக வேண்டும் அல்லவா, அதற்கான ஏற்பாடு அது. பட்டினியோடு படுத்தவள் ஒரு மணிக்கு விழித்திருப்பாள், இரண்டு மணிக்குப் பிஸ்கட் டின்னைத் திறப்பாள், காலையில் குற்ற உணர்ச்சியில் பசியாறாமல் போவாள். இது வாரக்கணக்கில் தொடர்ந்தால், சாப்பிட்டதைப் பற்றி மறைத்தோ அழுதோ பேசினால், கண்டிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நேரங்களை நகர்த்துவதுதான் வேலை, உணவைத் தடைசெய்வது அல்ல. என் பார்வையில் மிகப் பெரிய வித்தியாசம் செய்வது மாலை ஐந்து, ஐந்தரைக்கு ஒரு நிறைவான சாப்பாடு. டீயும் பிஸ்கட்டும் அல்ல; மத்தியானச் சோறும் குழம்பும், அல்லது இரண்டு சப்பாத்தியும் முட்டையும், அல்லது சுண்டலும் பழமும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி எட்டு மணிக்கு வீடு வரும் தாயால் ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு போட முடியாது, அதை எதிர்பார்ப்பதும் அநியாயம். ஆனால் காலையிலோ முந்தின இரவோ எடுத்து வைத்ததைப் பிள்ளையே சூடுபண்ணிச் சாப்பிட முடியும். அப்படிச் சாப்பிட்டுவிட்டு டியூஷன் போனால் பத்து மணிக்கு மாமாக் கடை அவ்வளவாக இழுக்காது. குடும்பத்தோடு உட்கார வேண்டும் என்பதற்காக ஒன்பது மணிக்கு ஒரு தோசை, ஒரு கிண்ணம் ரசம். பெரிய சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் போதும்.

மத்தியானத் தூக்கத்தை முழுக்கத் தடுக்க வேண்டாம், ஐந்தரைக்கு எழுந்த பிள்ளைக்கு அது தேவை. நான்கு மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள், அலாரம் வைத்து. பள்ளி வேனில் ஏறும்வரை கிடைக்கிற வெளிச்சம் குறைவு என்பதால், காலைப் பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைக் கூரைக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பது நல்லது. மாலையில் இருட்டிய பிறகு வீட்டு விளக்குகளைக் குறைப்பது அதைவிட எளிது.

சனி, ஞாயிறு பற்றித்தான் வீட்டில் அதிகம் சண்டை வரும். வாரம் முழுக்கத் தூக்கக் கடன் சேர்ந்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிவரை தூங்கும். எழுந்ததும் முதல் சாப்பாடு பிரியாணி, அடுத்தது இரவு பத்துக்கு. திங்கட்கிழமை காலை ஐந்தரை என்பது அந்த உடலுக்கு வேறொரு நாட்டின் நேரம். டில் ரோனபெர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2006ல் இதைச் சமூக ஜெட்லாக் என்று அழைத்தார்கள், விமானம் ஏறாமலே வருகிற பயணக் களைப்பு. ஏழு மணிக்கு எழுப்பிக் கோயிலுக்கு இழுத்துப் போவதும் சரியல்ல, பன்னிரண்டுவரை விடுவதும் சரியல்ல. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட்டு, எழுந்ததும் வெளிச்சமும் பசியாறலும் கொடுத்தால் கடன் கொஞ்சம் அடைபடும், கடிகாரமும் ரொம்பத் தடுமாறாது.

எட்டு மணி நேரம் படுத்தும் பிள்ளை பகலில் தூங்கி விழுந்தால் அது வேறு விஷயம். சத்தமான குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறுவது, வாயால் மூச்சு விடுவது, காலையில் தலைவலி, இவை தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதன் அடையாளங்களாக இருக்கலாம். எடை கூடிய பிள்ளைகளுக்கும், தொண்டைச் சதை வீங்கிய பிள்ளைகளுக்கும் இது வரும். நம் வீடுகளில் குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறோம். மருத்துவரிடம் காட்ட வேண்டிய ஒன்று அது.

இத்தனைக்குப் பிறகும் பள்ளி மணி 7.30க்கு அடிக்கும் என்பது மாறவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2014லேயே இடைநிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று சொன்னது. கலிஃபோர்னியா 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாக்கியது. சியாட்டில் நகரம் தொடக்க நேரத்தை 7.50லிருந்து 8.45க்கு மாற்றியபோது மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியது. மாணவர்கள் இரவு அதற்கேற்ப இன்னும் தாமதமாகப் படுத்துவிடுவார்கள் என்ற பயம் பெரும்பாலும் பொய்யானது. அமெரிக்காவை விடுங்கள், நம்மோடு அதே கடிகாரத்தில் ஓடும் சிங்கப்பூரில், நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016ல் 7.30ஐ 8.15 ஆக்கியது. ஒரு மாதத்தில் மாணவிகள் படுக்கையில் இருந்த நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது, ஒன்பது மாதம் கழித்து அளந்தபோது தூக்கத்தில் 10 நிமிடம் நிலைத்திருந்தது, பகல் தூக்கக் கலக்கமும் குறைந்திருந்தது. பத்து நிமிடம் சின்னதாகத் தெரியலாம். படிப்புக்காகத் தூக்கத்தைத் தியாகம் செய்வதைப் பெருமையாக நினைக்கிற ஒரு சமூகத்தில், ஒரு பள்ளி தன் மணியை மாற்றியதே பெரிய காரியம் என்பேன்.

இங்கே இரண்டு அமர்வுப் பள்ளிகளில் காலை மணியைத் தள்ளினால் மாலை அமர்வு இருட்டில் முடியும், பேருந்துகளும் பெற்றோரின் வேலை நேரமும் இடிக்கும். அதற்குக் கட்டடமும் வகுப்பறையும் வேண்டும், அமைச்சு அளவில் முடிவு வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்கக்கூடியவை அதைவிடச் சின்னவை: முதல் இடைவேளை பத்தரைவரை தள்ளிப்போகாமல் இருக்கிறதா, வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக மணி அடிப்பதற்கு முன்னால் சிற்றுண்டிச்சாலை திறந்திருக்கிறதா, குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா. டியூஷன் நிலையங்களிடம் பெற்றோரே நேரில் பேசலாம். எட்டிலிருந்து பத்துவரை என்பதை ஆறரையிலிருந்து எட்டரை என்று மாற்றித் தரச் சொல்லிப் பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால், நடத்துகிறவர் மறுப்பது கடினம்.